மறைக்காத காயம்

ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், அடுத்தடுத்த இரு நாட்களில், ஒரு தாயையும் அவர்தம் மகனையும் திருச்சபை நினைவுகூர்கிறது. 27ஆம் நாள் புனித மோனிக்காவுக்கு உரியது. 28ஆம் நாள் புனித அகுஸ்தினாருக்கு உரியது. அந்நாட்களில் நம் ஆலயங்களில் ஆற்றப்படும் மறையுரைகளில் தாயின் கண்ணீர் விரிவாகப் பேசப்படும். மகனின் மனமாற்றம் வியந்து போற்றப்படும். அம்மகன் எதிலிருந்து மீண்டார் என்பது மட்டும் 'தீய வழியில் திரிந்தார்' என்னும் ஒரே தொடரில் அடங்கிவிடும். குழந்தைகள் முன்வரிசையில் அமர்ந்திருக்கையில் அதற்குமேல் விரித்துரைக்கக் குருவானவருக்கும் கூச்சம். கேட்க நமக்கும் கூச்சம்.

இக்கூச்சம் அகுஸ்தினாருக்கு இருக்கவில்லை. ஆயராகப் பொறுப்பேற்ற சில ஆண்டுகளிலேயே, கி.பி. 397க்கும் 401க்கும் இடைப்பட்ட காலத்தில், தம் உடலிச்சையின் வரலாற்றைத் தாமே எழுதி, தம் மந்தையும் தம்மைப் பழிப்போரும் ஒருங்கே படிக்குமாறு வெளியிட்டார். 'அறிக்கைகள்' என நாம் வழங்கும் நூல் அதுவே.

அந்நூலைப் பற்றிக் கேள்வியுற்றோர் பெரும்பாலும் மிலான் நகரத் தோட்டத்தில் நிகழ்ந்த ஒரு கணத்தையே நினைவில் கொண்டுள்ளனர். ஒரு குரல் கேட்டது, ஏட்டைத் திறந்தார், படித்தார், விடுதலை பெற்றார். காமச் சோதனையோடு நாள்தோறும் மல்லாடும் எளிய மனிதனுக்கு இக்கதை ஆறுதலைவிட ஏக்கத்தையே மிகுதியாகத் தருகிறது. 'எனக்கு அத்தகைய குரல் ஒன்றும் கேட்கவில்லையே' என்று அவன் சோர்ந்துபோகிறான். உண்மையில் அத்தோட்டத்திற்கு முன்னே ஏறத்தாழ 15 ஆண்டுத் தடுமாற்றம் இருந்தது. பின்னே 44 ஆண்டு விழிப்பு இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அகுஸ்தினார் பெற்ற வெற்றி எத்தகையது என்பது நமக்கு விளங்காது.

தந்தையின் சிரிப்பும் தாயின் அச்சமும்

கி.பி. 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், உரோமைப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட வட ஆப்பிரிக்காவில், தகாஸ்தே என்னும் சிற்றூரில் அகுஸ்தினார் பிறந்தார். இன்றைய அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என வழங்கும் ஊர் அது. தந்தை பத்ரீசியுஸ் சிறிதளவு நிலமுடையவர்; அக்காலத்தில் இன்னும் திருமுழுக்குப் பெறாதவர். மகனின் அறிவுக்கூர்மையைக் கண்டு, தம் வசதிக்கு மீறிச் செலவு செய்து படிக்கவைத்தார். மகனுக்கு 16 வயதானபோது பணம் போதாமல் படிப்பு ஓராண்டு தடைப்பட்டது. வேலையுமின்றிக் கல்வியுமின்றி இளைஞர் வீட்டில் இருந்தார்.

அந்த ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை அகுஸ்தினார் மறக்கவேயில்லை. பொதுக் குளியலகத்தில் மகன் பருவமெய்தியிருப்பதைக் கண்ட தந்தை, இனிப் பேரப்பிள்ளைகள் வருவர் என்று மகிழ்ந்து, வீட்டிற்கு வந்து மனைவியிடம் சொன்னார். மோனிக்காவோ நடுங்கினார். மகனைத் தனியே அழைத்து, முறைதவறிய உறவில் விழாதே, சிறப்பாகப் பிறன் மனைவியை நாடாதே என்று கவலையோடு எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை மகன் செவியில் வெறும் பெண்கள் பேச்சாகவே விழுந்தது. அதற்குச் செவிசாய்ப்பது ஆண்பிள்ளைக்கு அழகல்ல என்று எண்ணினார். பிறன் மனைவியை நோக்காமையை ஆண்மைக்கெல்லாம் மேலான ஆண்மையாக வள்ளுவர் வைத்துப் போற்றினார் என்பதை அறிந்த நமக்கு, அவ்விளைஞர் எதை ஆண்மை என்று தவறாகக் கருதினார் என்பது எளிதில் புரியும்.

வயதொத்த தோழர்களோடு கூடியபோது நிலை இன்னும் மோசமாயிற்று. அவர்கள் தத்தம் இழிசெயல்களைப் பெருமையாகப் பேசிக்கொண்டனர். பின்தங்கியவன் என்னும் பழிக்கு அஞ்சி, தாம் செய்யாத பாவங்களையும் செய்ததாக அகுஸ்தினார் புனைந்துரைத்தார். இதை அவரே ஒப்புக்கொள்கிறார். காமத்தின் வழியில் அவர் வைத்த முதல் அடிகளில் ஒன்று ஒரு பொய் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். செயல் பின்னர் வந்தது. பொய் முன்னரே வந்துவிட்டது.

பெற்றோரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவ்வயதில் தமக்குத் திருமணம் செய்துவைத்து, பொங்கி எழுந்த இளமைக்கு ஒரு கரை கட்ட எவரும் முன்வரவில்லை என வருந்துகிறார். மனைவி மக்கள் என்னும் பொறுப்பு வந்தால் கல்வியும் முன்னேற்றமும் தடைப்படும் எனத் தந்தையார் மட்டுமல்ல, மோனிக்காவும் கருதினார். தந்தை சிரித்தார், தாய் அஞ்சினார், மகனோடு அமர்ந்து பேசியவர் எவருமில்லை. பிள்ளைகளின் மதிப்பெண்களுக்காக இரவு பகலாக வருந்தும் நம் இல்லங்களில் இந்நிலை பெரிதும் மாறிவிட்டதாகத் தெரியவில்லை.

பெயர் எழுதப்படாத பெண்மணி

செல்வர் ஒருவர் உதவிக்கரம் நீட்ட, அகுஸ்தினார் கார்த்தேஜ் மாநகருக்கு மேற்படிப்புக்காகச் சென்றார். அங்கு ஒரு பெண்ணோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. சட்டப்படியான திருமணம் இல்லை. அவருக்கு 18 வயது நிறைவதற்கு முன்னரோ, நிறைந்த காலத்தையொட்டியோ ஓர் ஆண்குழந்தை பிறந்தது. 'இறைவனால் தரப்பட்டவன்' என்னும் பொருள்பட அதேயோதாத்துஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். குழந்தையின் பெயரை எழுதிய அகுஸ்தினார், அதன் தாயின் பெயரை எங்கும் எழுதவில்லை.

அகுஸ்தினார் பல இடங்களில் திரிந்த காமுகர் என்று நாம் கற்பனை செய்துகொள்வது தவறு. உரோமைச் சமுதாயத்தில், குறைந்த நிலையிலுள்ள பெண்ணைத் துணைவியாக வைத்துக்கொண்டு, உரிய காலம் வந்ததும் தகுதியான குடும்பத்தில் மணம் முடிப்பது இழிவாகக் கருதப்படவில்லை. கி.பி. 400இல் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோவில் கூடிய சங்கமும், மனைவி இல்லாமல் ஒரே ஒரு துணைவியோடு வாழ்பவனை நற்கருணையிலிருந்து விலக்கவில்லை. அந்த ஒரு பெண்ணுக்கே தாம் உண்மையாக இருந்ததாக அகுஸ்தினார் கூறுகிறார். ஊர் பழிக்கவில்லை, சட்டம் தண்டிக்கவில்லை. ஆயினும் அவர் உள்ளம் அமைதி காணவில்லை.

அமைதியின்மைக்கு மருந்தாக அவர் தேடிக்கொண்டது மனிக்கேயர் சமயம். ஏறத்தாழ 19ஆம் வயதில் அதில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் கேட்போர் நிலையில் இருந்தார். ஒளி, இருள் என இரு இயல்புகள் மனிதனுக்குள் போரிடுகின்றன என்பது அவர்கள் கொள்கை. அதன்படி பாவம் செய்வது 'நான்' அல்ல. எனக்குள் புகுந்திருக்கும் வேறோர் இயல்பே. குற்றத்தைத் தம்மீது சுமக்காமல் வேறொன்றின்மீது சுமத்துவது தம் செருக்குக்கு இனிமையாக இருந்தது எனப் பிற்காலத்தில் அகுஸ்தினார் எழுதினார். 'என் உடலமைப்பே அப்படி', 'இக்காலமே அப்படி', 'ஆண்கள் என்றாலே அப்படித்தான்' என்று நாம் சொல்லிக்கொள்வனவும் இக்கொள்கையின் உறவினர்களே.

அதே இளமையில் அவர் இறைவனிடம் மன்றாடவும் செய்தார். கற்பைத் தரும்படி கேட்ட அதே மூச்சில், அதற்கு இப்போது அவசரமில்லை என்றும் கேட்டுக்கொண்டதாக எழுதுகிறார். இறைவன் விரைந்து செவிசாய்த்துத் தம் நோயைக் குணமாக்கிவிடுவாரோ என்ற அச்சமே அவருக்கு இருந்ததாம். இவ்வரிகளைப் படித்துச் சிரிப்பவர்கள் பலர். தம் செபத்தை உற்று நோக்குபவர்கள் அவ்வளவு எளிதில் சிரிக்கமாட்டார்கள்.

மிலானில் நேர்ந்த பிரிவு

கி.பி. 383இல் உரோமை நகருக்கும், 384இல் மிலானுக்கும் அகுஸ்தினார் சென்றார். அக்காலத்தில் பேரரசரின் அவை மிலானில் இருந்தது. அங்கு நாவன்மைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் ஏதேனும் ஒரு மாநிலத்தின் ஆளுநராகலாம் என்னும் நிலை. அதற்குச் செல்வக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மனைவியாக வாய்த்தல் வேண்டும். 385இல் மகனைத் தேடி மிலானுக்கு வந்த மோனிக்கா, திருமணம் முடிந்தால் திருமுழுக்கும் பெறுவான் என்னும் நம்பிக்கையில் பெண் பார்த்தார். பெண்ணுக்குச் சட்டப்படி மணவயதாகிய 12 நிறைய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. காத்திருப்பதாக ஒப்புக்கொண்டனர்.

இத்திருமணத்திற்குத் தடையாக இருந்தவர், ஏறத்தாழ 15 ஆண்டுகள் அகுஸ்தினாரோடு வாழ்ந்து, அவர் மகனைப் பெற்று, கடல் கடந்து அவரோடு வந்த அந்தப் பெண்மணி. அவரை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினர். இனி வேறோர் ஆடவனை அறிவதில்லை என இறைவனுக்கு வாக்களித்துவிட்டு, மகனைத் தந்தையிடம் விட்டு, அவர் தனியே கப்பலேறினார். தம் நெஞ்சம் கிழிந்து குருதி வடிந்ததாக அகுஸ்தினார் எழுதுகிறார். அத்துயரம் பொய்யன்று. ஆனால் அடுத்து அவர் செய்தது என்ன? இரண்டு ஆண்டு காத்திருக்க இயலாமல் மற்றொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்.

'அறிக்கைகள்' நூலின் மிக இருண்ட பக்கம் இதுவே என்று சொல்லலாம். ஆகவேதான் உண்மை இங்கே முதன்முதலாக அவர் கண்ணில் பட்டது. திருமணத்தை விரும்பியே தாம் வாழ்வதாக அதுவரை எண்ணியிருந்தார். திருமணத்தையன்று, இச்சையையே தாம் விரும்பினார் என்பதை அந்த இரண்டாம் பெண் காட்டிக்கொடுத்தார். கல்வியறிவில்லாதவர் எனக் கருதப்பட்டிருக்கக்கூடிய ஒரு துணைவி வாழ்நாள் முழுமைக்கும் நோன்பு ஏற்றுச் சென்றார். பேரரசர் முன் உரையாற்றும் பேராசிரியரால் இரண்டு ஆண்டுகள் பொறுக்க இயலவில்லை. அப்பெண்மணியைப் பின்பற்றத் தம்மால் இயலாமற்போயிற்று என்று அகுஸ்தினாரே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார்.

இக்காலத்தில் ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகள் அவர் அறிவுத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்கிவந்தன. மனிக்கேயர் கொள்கை உதிர்ந்துவிட்டது. கிறிஸ்தவ மறை உண்மையானது என்பதில் ஐயமில்லை. இனி எஞ்சியிருந்தது ஒன்றே. தம் அடிமைத்தனம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அவர் ஒரு சங்கிலியின் உவமையால் விளக்குகிறார். கோணலான விருப்பத்திலிருந்து இச்சை பிறந்தது. இச்சைக்குப் பணிந்து பணிந்து பழக்கம் உண்டாயிற்று. பழக்கத்தை எதிர்க்காமல் விட்டதால் அது கட்டாயமாக இறுகிற்று. சங்கிலியின் முதல் வளையம் வேறு எவராலும் வார்க்கப்படவில்லை. தம் விருப்பத்தாலேயே வார்க்கப்பட்டது. மனிக்கேயர் தந்த சாக்குப்போக்கு இவ்வாறு முறிந்தது.

தோட்டம்

கி.பி. 386ஆம் ஆண்டின் கோடைகாலம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பொந்திசியானுஸ் என்னும் அரண்மனை அலுவலர் ஒருநாள் வீட்டிற்கு வந்தார். மேசைமேல் புனித பவுலின் திருமடல்கள் இருக்கக் கண்டு மகிழ்ந்த அவர், எகிப்து நாட்டு வனத்து அந்தோணியாரின் வரலாற்றைக் கூறினார். திரியர் நகரில் அரசு அலுவலர் இருவர் அவ்வரலாற்றைப் படித்த அன்றே பதவியைத் துறந்ததையும், அவர்களுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்கள் இருவரும் தங்களைக் கன்னியராக இறைவனுக்கு அர்ப்பணித்ததையும் எடுத்துரைத்தார். கேட்கக் கேட்க அகுஸ்தினார் தம் முகத்தைத் தாமே கண்ணாடியில் காண்பதுபோல் உணர்ந்தார்.

விருந்தினர் சென்றதும் கொந்தளித்த உள்ளத்தோடு தோட்டத்திற்குள் சென்றார். நண்பர் அலிப்பியுஸ் ஒன்றும் பேசாமல் பின்தொடர்ந்து அருகே அமர்ந்தார். பழைய இன்பங்கள் தம் ஆடையைப் பற்றி இழுத்து, எங்களை விட்டு எப்போதைக்குமாகப் பிரியப் போகிறாயா என்று மெல்லக் கேட்பனபோல் அகுஸ்தினாருக்குத் தோன்றிற்று. எதிர்ப்புறத்தில் கற்பு என்னும் அன்னை தோன்றினாள். அவளைச் சூழ்ந்து சிறுவர், சிறுமியர், இளைஞர், கைம்பெண்கள், முதியோர் எனப் பெருங்கூட்டம் நின்றது. இவர்களால் இயன்றது உன்னால் இயலாதா என்று அவள் வினவினாள். இவர்கள் தம் ஆற்றலாலா நின்றனர், இறைவன் துணையால் அல்லவா என்றும் உடனே உணர்த்தினாள். நம் புனிதர் கற்பை வறண்ட முகமுடைய காவல்காரியாகக் காணவில்லை. பல பிள்ளைகளைப் பெற்ற தாயாகக் கண்டார் என்பது நம் சிந்தனைக்குரியது.

பின்னர் நடந்தது நாம் அறிந்ததே. அத்திமரத்தடியில் அவர் விழுந்து அழுதார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தை, எடுத்துப் படிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பப் பாடும் குரல் கேட்டது. திருமடல் ஏட்டைத் திறந்தபோது, களியாட்டத்தையும் காமவெறியையும் களைந்து ஆண்டவர் இயேசுவை அணிந்துகொள்ள அறிவுறுத்தும் உரோமையர் திருமடலின் 13ஆம் அதிகாரப் பகுதி கண்ணில் பட்டது. அதற்குமேல் படிக்க அவருக்குத் தேவை இருக்கவில்லை. அலிப்பியுஸ் அடுத்த வரியைப் படித்தார். நம்பிக்கையில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் வரி அது. அதைத் தமக்குரியதாக அவர் எடுத்துக்கொண்டார். இருவரும் உள்ளே சென்று மோனிக்காவிடம் கூறினர்.

இக்காட்சியில் பெரும்பாலும் நம் கவனத்திற்குத் தப்புவது அலிப்பியுசின் இருப்பு. அகுஸ்தினார் மிகத் தனியாக அழுத நேரத்திலும் நண்பர் சில அடி தொலைவில் இருந்தார். நிகழ்ந்ததை அகுஸ்தினார் தமக்குள் பூட்டிவைக்காமல் உடனே அவரிடம் சொன்னார். அடுத்துத் தாயிடம் சொன்னார். ஆரவாரமும் செய்யவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு இருந்த சில வாரங்களைப் பொறுமையோடு கழித்துவிட்டு, அமைதியாகப் பதவியைத் துறந்தார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பு இரவில், மகன் அதேயோதாத்துசும் அலிப்பியுசும் உடன்நிற்க, அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றார். அவ்வாண்டிலேயே ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியாவில் மோனிக்கா இறந்தார். அறிவில் தந்தையை வியக்கவைத்த மகனும் ஆப்பிரிக்கா திரும்பிய சிறிது காலத்தில் இளம் வயதிலேயே இறந்தான்.

ஆயரின் விழிப்பு

391இல் ஹிப்போ நகரில் குருவாகவும், சில ஆண்டுகளில் ஆயராகவும் அகுஸ்தினார் திருநிலைப்படுத்தப்பட்டார். தோட்டத்துக் கதையோடு தம் நூலை அவர் முடித்திருக்கலாம். அவ்வாறு முடித்திருந்தால் மக்கள் அவரை இன்னும் மிகுதியாகப் போற்றியிருப்பர். அவரோ பத்தாம் பகுதியில், ஆயராகிய தம் அன்றைய நிலை என்ன என்பதையும் எழுதினார். விழித்திருக்கும்போது வலுவிழந்து நிற்கும் பழைய காட்சிகள், உறக்கத்தில் வலுப்பெற்று வந்து தம்மை இணங்கவைக்கின்றன என்று கூறி, இந்நோயையும் குணமாக்குமாறு இறைவனை வேண்டினார். தம் மறைமாவட்டத்தின் எளிய விசுவாசியும் படிக்கக்கூடிய நூலில் ஓர் ஆயர் தம் கனவுகளைக் குறித்து இவ்வாறு எழுதத் துணிவது எக்காலத்திலும் அரிது.

அப்பகுதியிலேயே, இறைவன் தாம் கட்டளையிடுவதை நிறைவேற்றும் வலிமையையும் தாமே தரவேண்டும் என்னும் கருத்துடைய மன்றாட்டு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. உரோமையில் ஆயர் ஒருவர் அதை எடுத்துரைத்தபோது, ஒழுக்கத்தில் கண்டிப்புமிக்க பெலாஜியுஸ் பொறுக்கமாட்டாமல் சினந்து எதிர்த்தார். மனிதன் தன் முயற்சியால் நிற்கவேண்டும். இத்தகைய மன்றாட்டு சோம்பலை வளர்க்கும் என்பது அவர் கருத்து. அருளைப் பற்றித் திருச்சபையில் எழுந்த மாபெரும் வாதத்தின் வித்துகளுள் இம்மன்றாட்டும் ஒன்று. இறையருள் என்பது பள்ளி அறையில் பிறந்த கோட்பாடாக அகுஸ்தினாருக்கு இருக்கவில்லை. தம் உறுதிமொழிகள் எத்தனை முறை முறிந்தன என்று எண்ணிப் பார்த்த ஒருவரின் அனுபவமாக அது இருந்தது.

அருளை நம்பியவர் வேலியைப் பிரித்துப்போடவில்லை. அவருடைய மாணவரும் ஆயருமான பொசிதியுஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றின்படி, அகுஸ்தினாரின் இல்லத்தில் பெண்கள் எவரும் தங்கியதில்லை. கைம்பெண்ணாகிய அவர் சொந்தச் சகோதரியும் தங்கியதில்லை. பெண்கள் அவரைக் காண வந்தால் குருக்கள் உடனிருப்பர். இதில் பெண்களைப் பற்றிய இகழ்ச்சி இருப்பதாக இன்று சிலருக்குத் தோன்றலாம். தம்மைத் தாம் முழுவதும் நம்பாத ஒருவரின் பணிவும் அதில் இருக்கிறது.

உடன்வாழ்ந்த துறவியருக்கு அவர் வகுத்த ஒழுங்கும் இதையே காட்டுகிறது. பெண்களைக் காண்பது குற்றமன்று, இச்சையோடு நோக்குவதே குற்றம் என்று அதில் தெளிவாக வரையறுக்கிறார். ஒருவருடைய பார்வை தவறுவதை மற்றவர் கண்டால் பேசாமல் இருந்துவிடலாகாது என்கிறார். அறுவை மருத்துவத்திற்கு அஞ்சி உடற்புண்ணை ஒருவர் மறைத்தால், அதை அறிந்த சகோதரர் இரக்கம் என்று எண்ணி மௌனம் காப்பது கொடுமையாகாதா, உள்ளத்தில் சீழ் வைக்கும் புண்ணுக்கு அது இன்னும் பொருந்தாதா எனக் கேட்கிறார். 16 வயதில் செய்யாத பாவத்தையும் சொல்லிப் பெருமையடித்தவர், செய்த பாவத்தை மறைக்காமல் சொல்லிக் குணமடையுமாறு பிறருக்குக் கற்பிக்கும் நிலைக்கு வந்திருந்தார்.

திருப்பி அனுப்பப்பட்டவருக்கு ஒரு நீதி

கி.பி. 401ஆம் ஆண்டளவில் திருமணத்தின் நன்மை குறித்து அவர் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வினாவை எழுப்புகிறார். தகுதியாலோ செல்வத்தாலோ உயர்ந்த வேறொருத்தி கிடைக்கும்வரை ஒருவன் ஒரு பெண்ணைச் சேர்த்து வைத்திருந்தால் அவன் யார்? உள்ளத்தில் அவன் விபசாரன் என்று விடை கூறுகிறார். யாருக்கு எதிராக விபசாரன்? வரப்போகும் மனைவிக்கு எதிராக அன்று; தன்னோடு இப்போது வாழும் பெண்ணுக்கு எதிராகவே. அப்பெண்ணோ அவனுக்கு உண்மையாயிருந்து, அவன் வேறொருத்தியை மணந்த பின்னும் வேறு எவரையும் நாடாமல் தன்னைக் காத்துக்கொண்டால், அவளை விபசாரி என அழைக்கத் தமக்குத் துணிவில்லை என்கிறார்.

பெயர் ஏதும் கூறாமல் பொதுவாக எழுதப்பட்ட பகுதி இது. ஆயினும் மிலானில் நேர்ந்த பிரிவை அறிந்தவர்கள், ஓர் ஆயர் தமக்கு எதிராகத் தாமே வழங்கிய தீர்ப்பாக இதைப் படிக்காமல் இருக்க இயலாது. திருப்பி அனுப்பி ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழிந்தபின், அப்பெண்மணியின் பக்கம் நீதி இருந்ததை அவர் எழுத்தில் பதித்தார். உடலிச்சையைப் பற்றிய மனவருத்தம் அவருக்கு முன்பே இருந்தது. ஒரு மனிதப் பிறவிக்கு இழைத்த அநீதியைப் பற்றிய தெளிவு பின்னரே வந்தது. காமத்தை வெல்லும் முயற்சியில் நாமும் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். நம் மனத்தூய்மை கெட்டதே என்று வருந்துகிறோம். நம் இச்சைக்குக் கருவியான பெண்ணும் இறைச்சாயல் என்பது நினைவுக்கு வருவதில்லை.

மணமான ஆண்களுக்கு ஹிப்போவில் அவர் ஆற்றிய மறையுரைகளில் இந்நீதியுணர்வு கனல்கிறது. மனைவி கற்போடு இருக்கவேண்டும் என எதிர்பார்த்து, தங்களுக்கு மட்டும் விலக்கு அளித்துக்கொண்ட கணவர்களை அவர் நேருக்கு நேர் கண்டித்தார். குடும்பத்தின் தலைவன் என்று சொல்லிக்கொள்பவன் நற்பண்பில் முன்னே நடக்கவேண்டும். தான் தோற்று வீழ்ந்து கிடந்துகொண்டு மனைவி மட்டும் வென்று நிற்கவேண்டும் என்று கேட்பது எவ்வாறு முறையாகும் என்பது அவர் கேள்வி. அன்னை மோனிக்காவின் எச்சரிக்கையைப் பெண்கள் பேச்சு என்று ஒதுக்கிய மகன், ஆண்மையின் பொருளை முதுமையை நோக்கிய வயதில் இவ்வாறு கற்பித்தார்.

அகுஸ்தினாரின் எழுத்துகளில், சிறப்பாகப் பெலாஜியுசைச் சார்ந்தோரோடு வாதிட்ட பிற்கால நூல்களில், மணவாழ்வின் இன்பத்தின்மீது ஒரு நிழல் படிந்திருப்பது உண்மை. அவர் எழுதிய ஒவ்வொன்றையும் திருச்சபை தன் போதனையாக ஏற்றுக்கொண்டதில்லை. மக்கட்பேறு, பற்றுறுதி, அருளடையாளம் என்று திருமணத்திற்கு அவர் வகுத்த மூன்று நன்மைகளைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1930இல் வெளியிட்ட தம் சுற்றுமடலுக்கு அடித்தளமாகக் கொண்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கணவன் மனைவியரின் அன்பையும் அதன் உடல்வழி வெளிப்பாட்டையும் மேன்மையானவை என்று போற்றியது. உடல் தீயது என்பது மனிக்கேயர் கூற்று. அதை விட்டு வெளியேறியவரே அகுஸ்தினார்.

நம் கையில் உள்ள தோட்டம்

நம் காலத்தில் காமச் சோதனை ஊர் எல்லையில் காத்திருப்பதில்லை, கைப்பேசியில் குடியிருக்கிறது. யாரும் அறியாமல் திறக்கலாம். யாரும் அறியாமல் மூடலாம். இம்மறைவே அதன் வலிமை. ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வந்து, அன்பியக் கூட்டத்தில் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு நல்ல தந்தையாக விளங்கும் மனிதன், இரவில் தன் விருப்பத்தையும் மீறி அதே பள்ளத்தில் விழுகிறான். விழுந்ததைவிட, அதைச் சொல்ல ஆள் இல்லாமை அவனை மிகுதியாக வாட்டுகிறது. நாளடைவில் ஒப்புரவு அருளடையாளத்தையே தவிர்க்கத் தொடங்குகிறான்.

அவனுக்கு அகுஸ்தினார் வழங்கும் முதல் உதவி அறிவுரையன்று, தம் வரலாறு. சங்கிலி ஒரே நாளில் வார்க்கப்படவில்லை. ஆகவே ஒரு நாள் வீழ்ச்சியைக் கண்டு எல்லாம் முடிந்தது என எண்ண வேண்டியதில்லை. சாக்குப்போக்கு முறிந்த இடத்தில்தான் அருள் நுழைந்தது. ஆகவே குற்றத்தைப் பிறர்மீதும் காலத்தின்மீதும் ஏற்றுவதை நிறுத்தவேண்டும். அலிப்பியுஸ் போன்ற ஒரு நண்பர், உண்மையைச் சொல்லத்தக்க ஓர் ஆன்மகுரு, இயலுமானால் வாழ்க்கைத் துணைவியே, நம் தோட்டத்தில் சில அடி தொலைவிலேனும் இருத்தல் வேண்டும். பழக்கம் கட்டாயமாக இறுகிவிட்டால் மருத்துவரின் துணையை நாடுவதிலும் வெட்கம் தேவையில்லை. வேலி கட்டவேண்டும், வேலியைக் கட்டியவர் நாமே என்னும் செருக்கு மட்டும் ஆகாது.

430ஆம் ஆண்டு கோடையில் வண்டலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தது. நகரத்தினுள் 75 வயது ஆயர் காய்ச்சலுற்றுப் படுத்திருந்தார். தாவீதின் மனவருத்தத் திருப்பாடல்களை எழுதுவித்து, படுக்கையிலிருந்து பார்க்குமாறு எதிர்ச்சுவரில் பொருத்தச் சொன்னார். மருத்துவர்கள் வரும் நேரமும் உணவு கொண்டுவரும் நேரமும் தவிர எவரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, இறுதிப் பத்து நாட்களும் அவற்றைப் படித்துப் படித்துக் கண்ணீர் வடித்தார் எனப் பொசிதியுஸ் எழுதுகிறார். 40 ஆண்டுகளுக்கு மேலாகத் தூய்மையாக வாழ்ந்த முதியவர், திருச்சபையின் பெரும் மறைவல்லுநர், தம் கணக்கை அப்போதும் முடித்துவிடவில்லை. ஆகஸ்டு 28ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

மிலான் தோட்டத்தில் அவர் சிந்திய கண்ணீரை நாம் அறிவோம். ஹிப்போவின் சுவரை நோக்கிச் சிந்திய இக்கண்ணீரையும் அறிந்துகொண்டால், போராட்டம் இன்னும் ஓயவில்லையே என்று நாணி ஆலய வாயிலில் தயங்கி நிற்கும் மனிதர் ஒருவரேனும் உள்ளே வருவார்.